ஓபேத்ஏதோமின் வீட்டில் மூன்று மாதம்: ஆசீர்வாதம் எதனால் வந்தது?

கொடிக்கால்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் தெருவில் மாதம் ஒருமுறை நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டத்தில் அடுத்த முறை 2 சாமுவேல் 6ஆம் அதிகாரத்தைப் பற்றிப் பேசும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பிரசங்கங்களில் பலமுறை கேட்ட பகுதிதான். ஆனால் பேசுவதற்காக உட்கார்ந்து வாசித்தபோது ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது, விடமாட்டேன் என்கிறது.

பத்துக் கட்டளைகளின் கற்பலகைகளை வைத்திருந்த உடன்படிக்கைப் பெட்டி கீரியாத்யாரீமில் மேட்டின்மேல் இருந்த அபினதாபின் வீட்டில் இருபது வருடம் இருந்தது (1 சாமுவேல் 7:2). அந்த வீடு ஆசீர்வதிக்கப்பட்டதாக ஒரு வரிகூட இல்லை. கடைசியில் தாவீது ராஜா அதை எருசலேமுக்குக் கொண்டுபோகும்போது அந்த வீட்டுப் பிள்ளை ஊசா பெட்டியைத் தொட்டு, அதன் அருகிலேயே செத்து விழுந்தான். அதே பெட்டி கித்தியனாகிய ஓபேத்ஏதோமின் வீட்டில் மூன்றே மாதம் இருந்தது. கர்த்தர் அவனையும் அவன் வீட்டார் அனைவரையும் ஆசீர்வதித்தார். அந்தச் செய்தி ராஜாவின் காது வரைக்கும் போயிற்று.

பெட்டி ஒன்றுதான், தேவனும் ஒருவர்தான், வீடு மட்டும் வேறு. அப்படியானால் ஓபேத்ஏதோம் என்ன செய்தான்? பலியிட்டான் என்று இல்லை, ஜெபித்தான் என்று இல்லை, ஒரு வார்த்தை பேசினான் என்றுகூட இல்லை. கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதியவர்கள். மேலோட்டமாகச் சொன்னால் பிடித்துவிடுவார்கள். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

நாசரேத்துக்காரன்:

சகோதரரே, எங்கள் சபையில் இதற்கு ஒரே பதில்தான் சொல்வார்கள்: பழக்கம். அபினதாபின் வீட்டார் பெட்டியோடு பழகிவிட்டார்கள். ஊசா அதைப் பார்த்தே வளர்ந்தவன். மாடுகள் இடறியபோது கை தானாகவே நீண்டது. அந்தக் கையில் பயம் இல்லை. ஓபேத்ஏதோமின் வீட்டிலோ ஒரு மனிதனின் மரணத்தோடுதான் பெட்டி உள்ளே வந்தது. அந்தப் பயம் மூன்று மாதமும் அந்த வீட்டை விட்டுப் போயிருக்காது. பயபக்தி இருந்த இடத்தில் ஆசீர்வாதம் வந்தது. இதைத்தான் நான் பேசுவேன்.

---

சுவடிவாசகன்:

நாசரேத்துக்காரன் சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது. வசனத்தில் அது இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அபினதாபின் வீட்டாரை இப்படிக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எனக்கு நெடுநாளாகவே உறுத்தல்.

அந்த வீட்டுக்குப் பெட்டி எப்படி வந்தது என்று பாருங்கள். போரில் அதைப் பிடித்துப்போன பெலிஸ்தரின் தேசத்தில் 7 மாதம் இருந்தது. அஸ்தோத்திலிருந்து காத், காத்திலிருந்து எக்ரோன் என்று ஒரு பட்டணம் அடுத்த பட்டணத்துக்குத் தள்ளியது. பெத்ஷிமேசுக்குத் திரும்பி வந்ததும் முதலில் மகிழ்ச்சி, பலி எல்லாம் நடந்தது. பிறகு பெட்டிக்குள் பார்த்ததால் சாவு. அதன்பின் பெத்ஷிமேஸ்காரர் கீரியாத்யாரீமுக்கு ஆள் அனுப்பி, வந்து எடுத்துப்போங்கள் என்றார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு குடும்பம் கதவைத் திறந்தது. பெட்டியைக் காக்க எலெயாசார் என்ற மகனைப் பரிசுத்தப்படுத்தி நியமித்தார்கள். பயமற்றவர்கள் செய்யும் காரியமா இது?

இருபது வருடம் என்பதும் முழுக் கணக்கு அல்ல. அது மிஸ்பாவில் சாமுவேல் ஜனங்களைக் கூட்டிய காலம் வரைக்குமான கணக்கு என்றே பலர் கொள்கிறார்கள். அதன்பின் தாவீதுக்கு முந்தைய ராஜா சவுலின் ஆட்சி முழுவதும் இருக்கிறது. ஆகவே ஒரு தலைமுறைக்கும் மேலாக அந்த வீடு பெட்டியைச் சுமந்திருக்கிறது. அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதை 1 நாளாகமம் 13:3இல் தாவீதே சொல்கிறான்: சவுலின் நாட்களில் நாம் அதைத் தேடவில்லை என்று. தேடாமல் போனது தேசம். அபினதாபின் வீட்டார் அல்ல.

ஊசாவின் விஷயத்திலும் தாவீது பிற்பாடு கண்டுகொண்ட காரணம் வேறு. எண்ணாகமம் 4:15இன்படி, ஆலயப் பணிக்கென ஒதுக்கப்பட்ட லேவியரில் ஒரு பிரிவான கோகாத் புத்திரர் பரிசுத்தமானவற்றைச் சுமக்கலாம், தொடக் கூடாது. எண்ணாகமம் 7ஆம் அதிகாரத்தில் லேவியரின் மற்றப் பிரிவுகளான கெர்சோன் புத்திரருக்கும் மெராரி புத்திரருக்கும் வண்டிகள் கொடுக்கப்படுகின்றன. கோகாத் புத்திரருக்கு ஒரு வண்டிகூட இல்லை, ஏனென்றால் அவர்கள் வேலை தோளில் சுமப்பது. பெட்டியின் வளையங்களிலிருந்து தண்டுகளைக் கழற்றவே கூடாது என்று யாத்திராகமம் 25:15. தண்டுகள் இருந்தன, தோள்கள் இருந்தன. ஆனால் 30,000 பேரைக் கூட்டிய ராஜா, பெலிஸ்தர் செய்தபடியே புது இரதத்தில் ஏற்றினான். அடுத்த முறை லேவியரை அழைத்து, முதலில் நீங்கள் சுமக்காததினால்தான் அடி விழுந்தது, நாம் முறைப்படி அவரைத் தேடவில்லை என்று தாவீது சொல்வது 1 நாளாகமம் 15:13இல் இருக்கிறது. நாம் என்று தன்னையும் சேர்த்துக்கொண்டான். பழியை ஊசாவின் குடும்பத்தின்மேல் போடவில்லை. நாம் மட்டும் ஏன் போட வேண்டும்?

---

வாசலோரம்:

சுவடிவாசகன் அண்ணனுக்கு நன்றி. நான் எப்போதும் இந்த அதிகாரத்தை ஓபேத்ஏதோமின் வீட்டுப் பெண்களின் பக்கத்திலிருந்துதான் வாசிப்பேன்.

யோசித்துப் பாருங்கள். கின்னரம், தம்புரு, கைத்தாளம் என்று ஆட்டமும் பாட்டுமாக ஊர்வலம் வந்துகொண்டிருக்கிறது. களத்தருகே ஒரு மனிதன் விழுந்து சாகிறான். பாட்டு நின்றுவிடுகிறது. கோலியாத்தை வீழ்த்திய தாவீது, கர்த்தருடைய பெட்டி என்னிடத்தில் வருவது எப்படி என்று பயந்து பின்வாங்குகிறான். அந்த நேரத்தில், இதை அந்த வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஒரு வீட்டைக் காட்டுகிறார்கள். ராஜா தன் நகரத்தில் வைக்கப் பயந்ததை ஒரு குடியானவன் வீட்டில் வைக்கிறார்கள்.

ஓபேத்ஏதோமிடம் யாராவது கேட்டார்களா? அவன் சம்மதித்தானா? வசனத்தில் அது இல்லை. ராஜாவின் ஆட்கள் வாசலில் வந்து நின்றால் முடியாது என்று சொல்லவும் வழி இல்லை. ஆனால் வீட்டுக்குள் ஒரு தாய் இருந்திருப்பாள். 1 நாளாகமம் 26இன் கணக்குப்படி எட்டு மகன்கள்! அப்போதே எல்லோரும் பிறந்திருந்தார்களோ இல்லையோ, ஓடியாடும் பிள்ளைகள் இருந்த வீடாகத்தான் இருந்திருக்கும். தொட்டால் சாவு என்ற ஒன்று அந்த வீட்டுக்குள் இருக்கிறது. அதைச் சுற்றிச் சமைக்க வேண்டும், படுக்க வேண்டும், பிள்ளைகளை அடக்க வேண்டும். விருந்தாளி எப்போது போவார் என்றும் தெரியாது. மூன்று மாதம் என்பது நமக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாதே.

அதனால் கொடிக்கால் தம்பிக்கு என் பதில் இதுதான். ஓபேத்ஏதோம் தனியாக என்ன செய்தான் என்று தேடாதீர்கள். வசனம் "அவன் வீட்டார் அனைவரையும்" என்கிறது. வீட்டார் அனைவரும் சேர்ந்து அடக்கமாக வாழ்ந்ததுதான் அங்கே நடந்த காரியம். அது ஒரு நாள் ஆராதனை அல்ல. விடிந்தால் எழுந்ததுமுதல் விளக்கணைக்கும்வரை.

---

எதிர்க்கரை:

நான் விசுவாசி அல்ல. பண்டைய மேற்காசிய வரலாற்றில் ஆர்வமுள்ளவன். இந்த இழையைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஒரு கேள்வியை யாரும் எடுக்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஓபேத்ஏதோம் "கித்தியன்". காத் ஊர்க்காரன் என்பது அதன் நேர்ப் பொருள். காத் என்றால் கோலியாத்தின் ஊர். 2 சாமுவேல் 15இல் தாவீதோடு நிற்கும் ஈத்தாயும் கித்தியன்தான், அவனை அந்நிய தேசத்தான் என்று தாவீதே அழைக்கிறான். சாமுவேல் புத்தகத்தை மட்டும் வாசிக்கிறவனுக்கு ஓபேத்ஏதோம் ஒரு பெலிஸ்தனாகவே தெரிவான். நாளாகமம்தான் அவனை லேவியருக்குள் கொண்டுவருகிறது. நாளாகமம் பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு, ஆலய ஒழுங்கும் லேவியரின் கடமைகளும் மிக முக்கியமாக இருந்த காலத்தில் எழுதப்பட்டது. பெட்டி ஓர் அந்நியன் வீட்டில் இருந்தது என்பதை அந்தக் காலத்தவர்களால் ஏற்க முடியாமல், அவனுக்கு லேவிய வம்சாவளி கொடுத்திருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கீரியாத்யாரீம் என்று அடையாளம் காணப்படும் குன்று எருசலேமுக்கு மேற்கே, இன்றைய அபு கோஷ் ஊரருகில் இருக்கிறது. அதன் உச்சியில் 1924இல் கட்டப்பட்ட ஒரு கத்தோலிக்க ஆலயமும் மடமும் இருக்கின்றன. 2017இல் இஸ்ரேல் ஃபின்கெல்ஸ்டைன், தோமா ரோமர் ஆகியோர் அங்கே அகழாய்வு தொடங்கினார்கள். உச்சியைச் சமப்படுத்தி மேடையாக்கிய பெரிய சுவர்கள் கிடைத்தன. அவை கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது அவர்கள் கருத்து. தாவீதுக்கு இரண்டு நூற்றாண்டு பின்னால் வரும் காலம் அது. பெட்டி பற்றிய மரபு அந்தக் குன்றோடு ஆழமாகப் பிணைந்திருந்தது என்பதற்கு மேல் அந்தச் சுவர்கள் எதையும் நிரூபிக்கவில்லை.

கேள்வி இதுதான். அவன் அந்நியனாக இருந்தால் கதை பலமடைகிறதா, பலவீனமாகிறதா?

---

சுவடிவாசகன்:

எதிர்க்கரை அவர்களுக்கு: நல்ல கேள்வி. மறுபக்கத்தையும் வைத்துவிடுகிறேன். யோசுவா 21:24இல் கோகாத் வம்சத்து லேவியருக்குக் கொடுக்கப்பட்ட பட்டணங்களில் காத்ரிம்மோன் இருக்கிறது. அந்த ஊர்க்காரனையும் கித்தியன் என்று அழைத்திருக்கலாம் என்பது பழைய விளக்கம். அப்படியென்றால் அவன் பெட்டியைச் சுமக்கும் உரிமையுள்ள வம்சத்தானே. முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸும் அவனை லேவியன் என்றே எழுதுகிறார். நீதிமான், ஏழையாக இருந்தவன், பெட்டி வந்த பிறகு மற்றவர்கள் பொறாமைப்படும் அளவுக்கு உயர்ந்தான் என்கிறார். ஏழை என்பது ஜோசிபஸ் சொல்வது, வேதத்தில் இல்லை. கொடிக்கால், இதைப் பேசினால் அப்படிப் பிரித்தே சொல்லுங்கள்.

நாளாகமத்திலும் சிக்கல் இருக்கிறது. 16:38இல் ஒரே வசனத்துக்குள் ஓபேத்ஏதோம் என்ற பெயர் இருமுறை வருகிறது. இரண்டாவது இடத்தில் அவன் எதித்தூனின் குமாரன். 26ஆம் அதிகாரத்தில் வரும் ஓபேத்ஏதோமோ லேவியரில் ஒரு குடும்பமான கோராகியரோடு வாசல் காக்கிறவனாக எண்ணப்படுகிறான். ஒருவனா இருவரா என்று உரையாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் 26:5 எட்டு மகன்களின் பெயர்களை அடுக்கி, தேவன் அவனை ஆசீர்வதித்திருந்தார் என்று முடிக்கிறது. அந்த வாக்கியம் பெட்டி தங்கிய வீட்டைத்தான் நினைவூட்டுகிறது. வாசல்காப்பாளன் ஓபேத்ஏதோமும் பெட்டி தங்கிய வீட்டுக்காரனும் ஒருவரே என்று அந்த நூலாசிரியர் நம்பினார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்நியனாக இருந்தால் கதை பலமடைகிறது என்றுதான் நான் சொல்வேன். ஆதியாகமம் 39:5இல் யோசேப்பினிமித்தம் எகிப்தியனான போத்திபாரின் வீட்டைக் கர்த்தர் ஆசீர்வதித்தார். எலியாவுக்கு உணவு கொடுத்த சாறிபாத் விதவையின் பானையில் மாவு குறையவில்லை. தேவனுடைய மனிதருக்கு இடம் கொடுத்த அந்நிய வீடு ஆசீர்வாதம் பெறுவது வேதத்தில் புதிதல்ல. காத் ஊர் பெட்டியைத் தாங்க முடியாமல் எக்ரோனுக்குத் தள்ளியது. அந்தக் காத்திலிருந்து வந்த ஒருவன் அதை வீட்டில் வைத்துக் காத்தான் என்றால், அதில் எவ்வளவு இருக்கிறது!

---

பழவேலி:

ஓபேத்ஏதோம் என்ன செய்தான் என்ற கேள்விக்கு யூத ஆசிரியர்கள் ஒரு பதில் சொல்லியிருக்கிறார்கள். யூதர்களின் பழைய போதனைத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதில் பெராகோத் என்ற நூலின் இறுதிப் பகுதியில் வருகிறது. எருசலேம் ஆலயம் அழிந்தபின் யாப்னேயில் கூடிய ஆசிரியர்கள், தங்களுக்கு இடம் கொடுத்த வீட்டாரைப் பாராட்டி ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். கலிலேயனான யோசேயின் மகன் எலியேசர் இந்த வசனத்தை எடுக்கிறார். பெட்டி சாப்பிடவில்லை, குடிக்கவில்லை. ஓபேத்ஏதோம் அதன் முன்னால் பெருக்கித் தண்ணீர் தெளித்தான், அவ்வளவுதான். அதற்கே இவ்வளவு ஆசீர்வாதம் என்றால், வேதம் கற்ற ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுத்து உணவும் பானமும் கொடுத்தவர்களுக்கு எவ்வளவு இருக்கும் என்று பேசுகிறார்.

அடுத்து, ஆசீர்வாதம் என்னவென்று இன்னொருவர் சொல்கிறார்: அவன் மனைவிக்கும் எட்டு மருமகள்களுக்கும் ஒரே பிரசவத்தில் ஆறு ஆறு பிள்ளைகள். இந்தக் கணக்கு 1 நாளாகமம் 26:8இல் வரும் 62 பேரிலிருந்து வருகிறது. எட்டு மகன்கள், மருமகள்கள் பெற்ற 48, மனைவி மேலும் பெற்ற 6. கூட்டினால் சரியாக 62. இதை வரலாறாக யாரும் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வசனம் மௌனமாக விட்ட இடத்தில் அவர்கள் பலியையோ உபவாசத்தையோ வைக்காமல், துடைப்பத்தையும் தண்ணீரையும் வைத்தார்கள் பாருங்கள், அது என்னை மிகவும் தொட்டது.

---

வாசலோரம்:

பழவேலி ஐயா, இதை நான் இதுவரை கேட்டதில்லை. வாசித்ததும் எழுந்து போய் என் மாமியாரிடம் சொன்னேன். "அதைத்தானே நாங்கள் விடியற்காலையில் செய்துகொண்டிருக்கிறோம்" என்றார்கள். எங்கள் ஊரில் கிறிஸ்தவ வீடுகளிலும் வாசல் தெளிக்காமல் அடுப்பு பற்றவைக்கிறதில்லை. யாப்னேயில் இருந்தவர் இதையே மரியாதையின் அடையாளமாகச் சொன்னார் என்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் சொல்ல வேண்டிய செய்தி. கொடிக்கால் தம்பி, உங்கள் கூட்டத்தில் இதை அவசியம் சொல்லுங்கள். முன்வரிசையில் இருக்கும் ஆண்களைப் பார்த்துச் சொல்லாதீர்கள். அடுக்களைப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

---

மலைச்சாரல்:

மன்னிக்கவும், நான் கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன்.

இந்த "மூன்று மாதம்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் பகுதிக்கு வந்த ஊழியர் ஒருவர் (பெயர் வேண்டாம்) ஓபேத்ஏதோமின் ஆசீர்வாதம் என்று சொல்லி மூன்று மாத விசேஷக் கூட்டங்கள் நடத்தினார். பொன்னிறம் பூசிய சிறிய பெட்டி ஒன்றைக் காணிக்கை வாங்கிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்தார். தினமும் அதன் முன்னால் ஜெபித்தால் மூன்று மாதத்தில் கடன் தீரும், வேலை கிடைக்கும், பிள்ளை பிறக்கும் என்று வாக்கு. என் அம்மா கையில் இருந்த ஒரே வளையலை விற்றுக் கொடுத்தார்கள். மூன்று மாதம் முடிந்தது. ஒன்றும் மாறவில்லை. அதற்கும் அவர் பதில் வைத்திருந்தார்: உங்கள் வீட்டில் ஏதோ அசுத்தம் இருக்கிறது. அந்த வார்த்தையை அம்மா இன்றுவரை மறக்கவில்லை. பணம் போனதைவிட அதுதான் பெரிய காயம்.

பேசப் போகிறவர் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். உங்கள் கூட்டத்தில் என் அம்மாவைப் போல ஒருவர் நிச்சயம் உட்கார்ந்திருப்பார்.

---

சுவடிவாசகன்:

மலைச்சாரல், உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் வீட்டில் எந்தக் குற்றமும் இல்லை. பெட்டியை வைத்து ஆதாயம் தேடியவர்களுக்கு வேதம் என்ன சொல்கிறது என்று 1 சாமுவேல் 4ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பெலிஸ்தரிடம் ஒருமுறை தோற்றதும், சீலோவிலிருந்து பெட்டியைக் கொண்டுவருவோம், அது நம்மை இரட்சிக்கும் என்று இஸ்ரவேலின் மூப்பர் சொன்னார்கள். பெட்டி பாளயத்துக்குள் வந்தபோது பூமி அதிர ஆர்ப்பரித்தார்கள். அன்று 30,000 காலாட்கள் விழுந்தார்கள். ஆசாரியன் ஏலியின் மகன்களான ஓப்னியும் பினெகாசும் செத்தார்கள். பெட்டி பிடிபட்டது. செய்தி கேட்ட ஏலி பிடரி முறிந்து செத்தான். பெட்டி அவர்களிடம் இருந்தது. ஆனால் அதை அவர்கள் ஓர் ஆயுதமாக எடுத்தார்கள். ஓபேத்ஏதோம் எதற்காகவும் பெட்டியைக் கேட்டு வாங்கவில்லை. அவனுக்கு எந்த வாக்குறுதியும் கொடுக்கப்படவில்லை. மூன்று மாதம் என்ற காலக்கெடு தாவீதின் பயம் தணிய எடுத்த காலம். அதில் தேவன் விதித்த தவணை எதுவும் இல்லை.

இன்னொன்று. அந்த ஆசீர்வாதம் என்னவென்று 2 சாமுவேல் சொல்லவே இல்லை. ஆடு பெருகியதா, வயல் விளைந்ததா, நோய் தீர்ந்ததா, ஒன்றும் தெரியாது. நாளாகமம் காட்டுகிற பலன் பிள்ளைகளும் வேலையும்தான். 26ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். 62 பேரும் ஊழியத்துக்குத் திறமையும் பெலனும் உள்ளவர்கள் என்று எழுதியிருக்கிறது. என்ன ஊழியம்? வாசல் காப்பது. தென்வாசல் ஓபேத்ஏதோமுக்கும், பண்டசாலை அவன் மகன்களுக்கும் விழுந்தது.

எனக்கு இந்தக் கதையின் நடுப்புள்ளி இங்கேதான். மூன்று மாதம் கழித்து ராஜா வந்து பெட்டியை எடுத்துப்போனான். ஆசீர்வாதத்துக்காக மட்டும் அதை வைத்திருந்தவன் என்றால் அன்றே அழுதிருப்பான். அல்லது, அப்பாடா என்று கதவைச் சாத்தியிருப்பான். 1 நாளாகமம் 15:24ஐப் பாருங்கள். பெட்டி எருசலேமுக்குப் போகும்போது அதற்கு முன்பாக வாசல்காப்பாளராக இருவர் பெயர்: ஓபேத்ஏதோம், எகியா. வீட்டுக்காரன் பெட்டியோடு கூடவே போய்விட்டான். தன் வீட்டுக்குள் இருந்ததை இப்போது வாசலில் நின்று காக்கிறான். தலைவாசல்காரன் வேலை பெரிய பதவி அல்ல. கோராகின் புத்திரரின் சங்கீதமான 84ஆம் சங்கீதம், ஆகாமியக் (அக்கிரமத்தின்) கூடாரங்களில் வாழ்வதைவிடத் தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதையே தெரிந்துகொள்வேன் என்கிறது. அந்தக் கோராகியரோடுதான் ஓபேத்ஏதோமின் பிள்ளைகளும் எண்ணப்பட்டார்கள்.

---

மலைச்சாரல்:

நன்றி ஐயா. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

---

புதுவைத்தோணி:

இயேசுவுக்கே புகழ். கத்தோலிக்கனாக ஒரு வார்த்தை. எங்களுக்கு இந்தப் பகுதி லூக்கா நற்செய்தி வழியாகத்தான் உயிர் பெறுகிறது. ஆண்டவரின் பேழை என்னிடம் வருவது எப்படி என்று தாவீது கேட்டான். என் ஆண்டவரின் தாய் என்னிடம் வர நான் யார் என்று எலிசபெத்து கேட்கிறார். இரண்டும் யூதேய மலைநாடு. பேழைக்கு முன் தாவீது துள்ளி ஆடினான். எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை துள்ளியது. பேழை மூன்று மாதம் தங்கியது. மரியா ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் (லூக்கா 1:56). தேவமாதா பிரார்த்தனையில் "வாக்குத்தத்தத்தின் பெட்டகமே" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு ஓபேத்ஏதோமின் வீடும் எலிசபெத்தின் கணவர் செக்கரியாவின் வீடும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

---

நாசரேத்துக்காரன்:

புதுவைத்தோணி அண்ணனுக்கு மரியாதையோடு: மூன்று மாதமும் அந்தக் கேள்வியும் ஒத்துப்போவது உண்மைதான், நானும் கவனித்திருக்கிறேன். ஆனால் மரியாள்தான் பெட்டி என்று லூக்கா எங்கும் எழுதவில்லை. யோவான் 1:14, வார்த்தை மாம்சமாகி நமக்குள்ளே வாசம்பண்ணினார் என்கிறது. ஆகவே பெட்டியில் இருந்த மகிமையைக் கிறிஸ்துவோடு நிறுத்திக்கொள்வதுதான் எங்களுக்குப் பழக்கம். அந்த மூன்று மாதமும் எலிசபெத்தின் வீட்டில் சமையலும் பெருக்கலும் யார் செய்தார்கள் என்று கேட்டால், இருவருக்கும் ஒரே பதில்தான் வரும் என்று நினைக்கிறேன்.

---

புதுவைத்தோணி:

அதில் சண்டையே இல்லை தம்பி.

---

கொடிக்கால்:

இவ்வளவு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்களின் வீடுகளில் பெரும்பாலும் "கிறிஸ்து இவ்வீட்டின் தலைவர், காணப்படாத விருந்தினர்" என்ற பலகை மாட்டியிருக்கும். அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாமா? அப்படித் தொடங்கினால் சவுலின் மகளும் தாவீதின் மனைவியுமான மீகாளை எங்கே வைப்பது? அதே அதிகாரத்தில் அவளும் இருக்கிறாளே.

---

வாசலோரம்:

தாராளமாகத் தொடங்கலாம். அந்தப் பலகையில் மூன்றாவது வரி ஒன்று உண்டு. நம் பேச்சையெல்லாம் மௌனமாகக் கேட்பவர் என்று. கூட்டத்தில் அதை மெதுவாக வாசியுங்கள். சாப்பாட்டு மேசையில் மாமியாரும் மருமகளும் பேசுவதும் அதில் சேர்த்திதான் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மீகாளைப் பற்றி: 6:20ஐப் பாருங்கள். தாவீது ஜனங்களை ஆசீர்வதித்து, அப்பம் பங்கிட்டு, கடைசியாகத் தன் வீட்டாரை ஆசீர்வதிக்கத் திரும்புகிறான். பெட்டிக்கு முன் அவன் ஆடியதை மீகாள் இகழ்ந்தாள். அந்த வாசலில்தான் சண்டை. ஊரெல்லாம் ஆசீர்வாதம் போய்ச் சேர்ந்தது, ராஜாவின் சொந்த வீட்டில் அது நின்றுபோனது. ஆனால் மீகாளை மட்டும் குறை சொல்லி முடித்துவிடாதீர்கள். தாவீதைச் சன்னல் வழியாக இறக்கிவிட்டு உயிர் காப்பாற்றியவள் அவள். பிறகு வேறொருவனுக்குக் கொடுக்கப்பட்டாள். அங்கிருந்தும் பிடுங்கிக் கொண்டுவரப்பட்டாள். அந்தப் புருஷன் அழுதுகொண்டே பின்னால் நடந்து வந்தான் (2 சாமுவேல் 3:16). தாவீது அவளுக்குச் சொன்ன பதிலும், உன் தகப்பனைப் பார்க்கிலும் என்னைத் தெரிந்துகொண்டார் என்று குத்துகிற பதில்தான். வீட்டுக்குள் அன்பு செத்துப்போயிருந்தால், வெளியே எவ்வளவு ஆடிப் பாடினாலும் வாசலில் இப்படித்தான் முடியும். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்தும் உங்கள் கூட்டத்துக்கு வருவார்கள்.

---

எதிர்க்கரை:

மீகாள் பற்றிய இந்தக் குறிப்பு ஆய்வுக் கட்டுரைகளில் வாசித்ததைவிட எனக்குத் தெளிவாக இருந்தது. நன்றி, சகோதரி.

---

பழவேலி:

கொடிக்கால், பேசுவதற்கு முன் 2 நாளாகமம் 25:24ஐயும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். தாவீதுக்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு பின்னால், யூதாவின் ராஜா அமத்சியா வீண்பெருமையில் இஸ்ரவேலின் ராஜா யோவாசைப் போருக்கு அழைத்தான். பெத்ஷிமேசில் தோற்றான். ஆம், பெட்டி திரும்பி வந்த அதே பெத்ஷிமேஸ். யோவாஸ் எருசலேம் அலங்கத்தில் 400 முழம் இடித்து, ஆலயத்தில் ஓபேத்ஏதோமின் வசத்தில் இருந்த பொன், வெள்ளி, பணிமுட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சமாரியாவுக்குப் போனான். அந்த ஓபேத்ஏதோம் தாவீதின் காலத்தவனாக இருக்க முடியாது. அந்தப் பண்டசாலைக் குடும்பத்தின் பெயர் அது. அத்தனை தலைமுறையும் அவர்கள் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. ராஜாவின் பெருமைக்காக அவர்கள் காத்ததெல்லாம் ஒரே நாளில் கொள்ளை போனது. அதற்காக அவர்கள்மேல் எந்தக் குற்றமும் எழுதப்படவில்லை. ஆசீர்வதிக்கப்பட்ட வீட்டுக்கு இழப்பே வராது என்று யாராவது உங்கள் கூட்டத்தில் எழுந்து சொன்னால், இந்த வசனத்தை எடுத்துக் காட்டுங்கள்.